நிலக்கரிச் சுரங்கங்களில் பாதுகாப்புத் தணிக்கை

தரைக்கு மேலுள்ள தொழிற்சாலையை ஒருமுறை சுற்றிவந்தால் அதன் நிலையை ஓரளவு அறிந்துவிடலாம். நிலக்கரிச் சுரங்கம் அத்தகையதன்று. அங்கு உயிரைப் பறிக்கும் பொருள்களுள் பல கண்ணுக்குப் புலப்படாதவை. ஆகவே சுரங்கத் தணிக்கை என்பது பெரும்பாலும் புலப்படாததைப் புலப்படச் செய்யும் வேலையாகிறது.

இந்தியாவில் இதற்கென அரசாங்கம் 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஓர் அலுவலகத்தை நிறுவியது. 1908இல் அது ஜாரியா நிலக்கரி வயலை ஒட்டிய தன்பாத்துக்கு மாறியது. 1967 முதல் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் என்று வழங்குகிறது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், பகலிலும் இரவிலும் சுரங்கத்தினுள் நுழைந்து பரிசோதிக்கும் உரிமையை இன்ஸ்பெக்டருக்கு அளித்தது. அபாயம் உடனடியானது என்று அவர் கருதினால், அது நீங்கும்வரை அங்கு ஆட்களை அமர்த்தலாகாது என ஆணையிடவும் இடம் தந்தது.

நிலக்கரியிலிருந்து கசியும் மீத்தேன் வாயு நிறமும் மணமும் அற்றது. காற்றினும் இலேசானதாகையால் கூரையின் குழிவுகளில் தங்குவது. காற்றில் 5 முதல் 15 சதவீதம்வரை அது கலந்திருக்கையில் ஒரு பொறி பட்டாலும் வெடிக்கும். இதனைக் கண்டறிய நெடுங்காலம் துணைநின்றது பாதுகாப்பு விளக்கு. ஹம்ப்ரி டேவி 1815இல் அமைத்த இவ்வகை விளக்கில், சுடரைச் சூழ்ந்த கம்பிவலை உஷ்ணத்தைப் பரப்பித் தணித்துவிடுவதால் வெளியிலுள்ள வாயு தீப்பற்றுவதில்லை. திரியைத் தாழ்த்தி, விளக்கை மெல்லக் கூரையருகே உயர்த்தினால், சுடரின்மேல் வெளிர்நீலத் தொப்பி போன்ற ஓர் ஒளி தோன்றும். வாயு மிகுந்தால் தொப்பியும் உயரும். பிராணவாயு குறைந்த இடத்திலோ சுடர் மங்கி, இறுதியில் அணைந்துவிடும். இன்று மின்னணு மானிகள் வந்துவிட்டன. எனினும் வகுப்பறையில் வாயுவின் இயல்பை விளக்க இவ்விளக்கினும் எளிய சாதனம் அரிது.

1957ஆம் ஆண்டு விதிகள் எந்த வேலையிடத்திலும் இவ்வாயு 1.25 சதவீதத்தை மீறலாகாது என்றன. வெடிக்கத் தொடங்கும் அளவில் இது கால் பங்கே. கசிவு திடீரெனப் பெருகக்கூடியதாகையால் இவ்வளவு இடைவெளி தேவைப்படுகிறது.

தூசியும் வெடிக்கும். 1965 மே 28 அன்று, அன்றைய பீகாரைச் சேர்ந்த தோரிச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 268 பேர் மாண்டனர். நிலக்கரித் தூசியின்மேல் எரியாத கல்தூளைத் தூவுவது இதனால்தான்.

நீரைப் பொறுத்தமட்டில், தணிக்கை சுரங்கத்தில் இறங்குமுன்பே, அலுவலக மேசைமேல் வரைபடத்தை விரிக்கையிலேயே தொடங்கிவிடுகிறது. கைவிடப்பட்ட பழைய வெட்டிடங்களில் ஆண்டுக்கணக்கில் நீர் தேங்கிக் கிடக்கும். அவற்றிலிருந்து 60 மீட்டருக்குள் வேலை செய்வதற்கு முன்அனுமதி வேண்டும் என்பது விதி. ஆனால் பழைய வரைபடம் பிழையானதாக இருந்தால் 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது? ஐயமுள்ள இடங்களில் முன்னதாகத் துளையிட்டுப் பார்த்தே முன்னேற வேண்டும். 1975 டிசம்பர் 27 அன்று சஸ்னாலாவில், தேங்கிய நீருக்கும் வேலை நடந்த பகுதிக்கும் இடையிலிருந்த தடுப்பு தகர்ந்தது. 375 பேர் உயிரிழந்தனர்.

அரசாங்க இன்ஸ்பெக்டர் எல்லா நாளும் ஒரே சுரங்கத்தில் இருக்க இயலாது. அன்றாடப் பரிசோதனை சுரங்கத்தின் ஓவர்மேனுக்கும் சர்தாருக்கும் உரியது. சர்தார் கூரையைத் தடியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியானது, பறையைப் போல் உள்ளீடற்று ஒலித்தால் அது பிளந்திருக்கிறது என்று பொருள். கண்டவற்றை அவர் ஒரு புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தேர்ந்த இன்ஸ்பெக்டர் அப்புத்தகத்தைப் படித்துவிட்டு, அதிற் குறித்த இடத்துக்கே நேரே செல்வார். நாள்தோறும் ‘குறையொன்றுமில்லை’ என்றே நிரம்பிய பக்கங்கள், குறைகளைக் குறித்த பக்கங்களைவிட அவருக்கு மிகுதியான ஐயத்தைத் தரும்.