உங்களுக்குத் தெரியுமா? ஒரு படத்துக்காக முடங்கிய தளங்கள்

2012 மார்ச் இறுதியில் தனுஷ் நடித்த ‘3’ வெளியானது. திருட்டுப் பிரதிகளைத் தடுக்க அதன் தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை பெற்றது. யார் திருடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்? அடையாளம் தெரியாத அந்த எதிராளிகளை ‘அசோக் குமார்’ என்று குறிப்பிட்டு வழக்குத் தொடுப்பது இந்திய நீதிமன்ற வழக்கம்.

விபரீதம் மே மாதத்தில் வந்தது. அந்த ஆணையைச் செயல்படுத்திய சில இணையச் சேவை நிறுவனங்கள், திருட்டுப் பிரதிகளுக்குப் பேர்போன பைரேட் பே தளத்தோடு நிற்கவில்லை. விமியோ, டெய்லிமோஷன் ஆகிய காணொளித் தளங்களையும் அப்படியே முடக்கின. சொந்தமாக எடுத்த படங்களை விமியோவில் வைத்திருந்தவர்களுக்கும் கதவு அடைபட்டது. ஒரு குற்றமும் செய்யாதவர்கள் அவர்கள்! ஜூனில் நீதிமன்றம் தன் ஆணையைத் தெளிவாக்கியது: முழுத் தளத்தை அல்ல, திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட இணைய முகவரியை மட்டுமே முடக்க வேண்டும். மிகத் தேவையான திருத்தம் அது.

இணையம் ஒரு பக்கம் இருக்க, திரையரங்கில் கேமராவை மறைத்துவைத்துத் திருட்டுப் பிரதி எடுப்பவர்களுக்கு 2023-இல் சட்டம் இறுகியது. குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்ச ரூபாயில் தொடங்கி, படத்தின் மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.