ஒரு லேப்டாப், இரண்டு இயங்குதளம்

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. நீலகிரியில் ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் அரசுப் பள்ளிகளில் படித்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் பலருக்கு, லைன் வீட்டுக்குள் வந்த முதல் கணினி அதுதான். பலரும் கவனிக்காமல் விட்ட ஒரு விஷயம் அதில் இருந்தது. அந்த மடிக்கணினியில் விண்டோஸ் மட்டும் இல்லை. ‘பாஸ்’ என்ற லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே இருந்தது.

பாஸ் நம் ஊர்ச் சரக்கு. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியன் லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கி 2007இல் வெளியிட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் மெனுக்கள் உண்டு, விலை கிடையாது, யார் வேண்டுமானாலும் அதன் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம். ஆனாலும் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. பள்ளியில் சொல்லித்தர ஆள் இல்லை. ரிப்பேருக்குக் கடைக்குப் போன லேப்டாப் ஃபார்மேட் செய்யப்பட்டு, விண்டோஸ் மட்டும் போட்டுத் திரும்பி வந்தது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் எல்லையைத் தாண்டினால் வயநாடும் மலப்புறமும். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினிப் பாடம் படிக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடமும் அதே வசதி கையில் இருந்தது, யாரும் பழக்கிவிடவில்லை. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

இப்போது அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவேண்டிய காரணம் வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தந்துவந்த ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு கேட்கிறது. இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை ஏற்க மறுக்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்கள் இந்த ஒரு காரணத்தால் ஓரங்கட்டப்படுகின்றன. அவற்றில் லினக்ஸ் இன்றும் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களோடு ஓடும்.

அப்படியானால் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் மட்டும் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். எல்லா வீட்டிலும் அது முடியாது. பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலையில் கணக்கெழுதும் அப்பாவுக்கு டேலி வேண்டும். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகி வேலை பார்ப்பவர்களுக்கும் விண்டோஸ்தான் தொந்தரவில்லாத வழி. அதே வீட்டில் பொறியியலோ இயற்பியலோ படிக்கும் பெண்ணுக்கு லினக்ஸ் வேண்டும். ஊட்டியை அடுத்த முத்தோரையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் நிற்கிறது. பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டியது. அதுபோன்ற இடங்களில் வேலைக்குச் சேர நினைக்கும் மாணவி லினக்ஸ் தெரியாமல் போக முடியாது. வானியல் தரவைப் பகுக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை அதற்காகவே எழுதப்படுகின்றன. உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் 2017 நவம்பர் பட்டியல் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று இரண்டு லேப்டாப் வாங்க வசதி இல்லாத வீட்டில், ஒன்றிலேயே இரண்டையும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் டூயல் பூட்.

மலை ரயிலில் வந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி இன்ஜின் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளி மேலேற்றும். குன்னூரில் அதைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டுவார்கள், ஊட்டிவரை அதுதான். பெட்டிகள் அவையே, தண்டவாளமும் அதுவே, இன்ஜின் மட்டும் வேறு. மாற்றவேண்டுமென்றால் ரயில் நின்றாக வேண்டும். டூயல் பூட்டிலும் ஒரு நேரத்தில் ஒரு இயங்குதளம்தான் ஓடும். இன்னொன்றுக்குப் போக ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து முகப்புத் திரை வரும்வரை யார் யாரிடம் பொறுப்பைக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும். மின்சாரம் வந்ததும் பிராசசர் முதலில் ஹார்ட்டிஸ்க்கைத் தேடுவதில்லை. மதர்போர்டிலேயே ஒரு சின்ன நினைவகச் சில்லில் எழுதியிருக்கும் நிரலைத்தான் ஓட்டுகிறது. பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ். இன்றைய கணினிகளில் யூஇஎஃப்ஐ. ராம், விசைப்பலகை, டிஸ்க் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது அதன் முதல் வேலை. இயங்குதளத்தைக் கூப்பிடுவது அடுத்த வேலை.

பயாஸ் காலத்தில் இந்தக் கூப்பிடும் முறை மிகவும் குறுகலானது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளை மட்டும் அது படிக்கும். அதற்குள்ளேயே டிஸ்க்கின் பிரிவு அட்டவணையும் இருக்கவேண்டும் என்பதால், துவக்க நிரலுக்குக் கிடைப்பது வெறும் 446 பைட். அங்கே ஒருவர்தான் குடியிருக்க முடியும். லினக்ஸ் இருக்கும் கணினியில் பிறகு விண்டோஸ் போட்டால் அந்த இடத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்; லினக்ஸ் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தாலும் அதைக் கூப்பிட ஆள் இருக்காது. ‘முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்’ என்று மெக்கானிக்குகள் இன்றும் சொல்லும் விதி இங்கிருந்து வந்தது. விண்டோஸ் 7 காலத்து இலவச லேப்டாப்களுக்கு இந்த விதி அப்படியே பொருந்தும்.

யூஇஎஃப்ஐ வந்தபின் நெருக்கடி தீர்ந்தது. டிஸ்க்கில் ஒரு சிறு பிரிவு துவக்கத்துக்கென்றே ஒதுக்கப்படுகிறது. அதில் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டு என்ற லினக்ஸுக்கு ஒரு ஃபோல்டர் என்று அவரவர் துவக்க நிரலைத் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். எதை முதலில் கூப்பிடவேண்டும் என்ற வரிசையை மதர்போர்டு நினைவில் வைத்திருக்கும். லினக்ஸ் தரப்பில் அங்கே அமர்ந்திருப்பது ‘கிரப்’ என்ற நிரல். கருப்புத் திரையில் இயங்குதளங்களின் பெயர்களைக் காட்டி, சில நொடி காத்திருந்து, நீங்கள் தேர்ந்தெடுத்ததன் மைய நிரலான கெர்னலை ராமில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது அதன் வேலை. விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸின் துவக்கியிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். 2021இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தானாகத் தேடும் வசதி பாதுகாப்பை முன்னிட்டு அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. லினக்ஸ் போட்டபின் பட்டியலில் விண்டோஸ் பெயரைக் காணவில்லையென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். விண்டோஸ் அழிந்துவிடவில்லை, அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, கிரப்பின் பட்டியலைப் புதுப்பித்தால் பெயர் வந்துவிடும்.

நிறுவும் வேலையில் உண்மையிலேயே ஆபத்தான கட்டம் ஒன்றே ஒன்று: டிஸ்க்கில் இடம் பிரிப்பது. விண்டோஸ் பிடித்துவைத்திருக்கும் இடத்தைச் சுருக்கி, லினக்ஸுக்கு 40 அல்லது 50 ஜிபி விட்டால் போதும். இதை விண்டோஸுக்குள்ளிருந்தே, அதன் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியால் செய்வது நல்லது. சுருக்கும்போது டிஸ்க்கில் அங்கங்கே கிடக்கும் தரவு இடம் மாற்றப்படுகிறது. பாதியில் கரண்ட் போனால் அந்தத் தரவு போகலாம். ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து மின்கம்பி அறுவது நீலகிரியில் புதிதல்ல. மேற்கே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டிய மாவட்டம் இது. லேப்டாப்பின் பேட்டரி ஒழுங்காக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு உட்காருங்கள். பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப் என்றால் யூபிஎஸ் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் செய்யுங்கள். அதற்கும் முன்னால், சான்றிதழ்களையும் போட்டோக்களையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிடுங்கள். இதை மட்டும் ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது.

புதிய லேப்டாப்பாக இருந்தால் இன்னொரு கவனம் தேவை. பலவற்றில் பிட்லாக்கர் டிஸ்க்கைப் பூட்டிவைத்திருக்கும், வாங்கியவருக்கே தெரியாமல். துவக்க அமைப்பில் கைவைத்ததும் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் தரவைத் திரும்பப் பெற வழி கிடையாது. சாவியை முன்கூட்டியே காகிதத்தில் எழுதிவைத்துக்கொள்ளவேண்டும்.

விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணையாது. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் விண்டோஸின் டிரைவ் திறந்தபடி கிடப்பதால், லினக்ஸ் அதில் எழுத மறுத்து, படிக்க மட்டும் அனுமதிக்கும். இதை அணைத்துவிடுவதே சரி. அணைத்தபின் லினக்ஸிலிருந்து விண்டோஸின் கோப்புகளைத் திறக்கலாம், திருத்தலாம். விண்டோஸ் மட்டும் லினக்ஸின் பிரிவைச் சாதாரணமாகப் படிக்காது. ஆகவே இருவரும் பார்க்கவேண்டிய கோப்புகளை விண்டோஸ் பக்கத்து டிரைவில் வைப்பதுதான் வசதி.

முதல்முறை இரண்டுக்கும் மாறி மாறிப் போகிறவர்களைத் திகைக்கவைப்பது கடிகாரம். லினக்ஸில் வேலை பார்த்துவிட்டு, காலை 10 மணிக்கு விண்டோஸுக்குள் போனால் அது விடியற்காலை 4:30 என்று காட்டும். கணினி கெட்டுவிடவில்லை. மதர்போர்டில் ஒரு சின்ன பேட்டரியின் தயவில் ஓடும் கடிகாரம் இருக்கிறது. அதில் இருப்பது உலகப் பொதுநேரம் என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும், டாஸ் காலத்துப் பழக்கம். இரண்டுக்கும் இந்தியாவில் சரியாக ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஏதாவது ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவந்தால் தீரும். லினக்ஸை ‘உள்ளூர் நேரம்’ என்று மாற்றுவது எளிது.

சிக்கல் வரவே வராது என்று சொல்லமாட்டேன். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் விட்ட ஒரு பாதுகாப்பு அப்டேட், கிரப்பின் பழைய பதிப்புகளைத் தடைசெய்வதற்காக வந்தது. டூயல் பூட் கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டது. ஆனால் பலருடைய லினக்ஸ் அன்று துவங்க மறுத்தது. துவக்க நிரல் நம்பகமானதா என்று சோதிக்கும் ‘செக்யூர் பூட்’ என்ற யூஇஎஃப்ஐ வசதியைத் தற்காலிகமாக அணைத்துச் சரிசெய்தார்கள். அப்படி ஏதாவது நடந்தால் உதவுவது, நிறுவப் பயன்படுத்திய அதே பென்டிரைவ். அதிலிருந்து கணினியைத் துவக்கி, உள்ளே போய், கிரப்பைத் திரும்பப் போட்டுவிடலாம். அந்தப் பென்டிரைவை அழித்து அதில் படம் ஏற்றிவிடாதீர்கள்.

எந்த லினக்ஸ் என்று கேட்டால், புதிதாக வருபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்பேன். விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாக இருக்காது. 4 ஜிபி ராம் இருந்தால் தாராளம். 2 ஜிபி மட்டுமே உள்ள பழைய இலவச லேப்டாப்களுக்கு மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ லுபுண்டுவோ பொருந்தும். பழைய ஹார்ட்டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டினால் வேகம் ஆளே மாறியதுபோல இருக்கும். தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். நிறுவல் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. எஸ்டேட் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காதவர்கள் ஊட்டியிலோ குன்னூரிலோ தரவிறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். ஒரு முறை இறக்கியதை ஊர் முழுவதும் நகல் எடுத்துக் கொடுக்கலாம். சட்டப்படி அதற்கு முழு உரிமை உண்டு.

மாவட்டத்தின் கணினி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிக் காட்டினால், நிறுவு என்ற பட்டனைத் தொடாதவரை, டிஸ்க்கில் ஒரு கோப்புகூட மாறாது. ஆய்வகத்தின் பழைய கணினி ஒன்றும் ஒரு பாடவேளையும் போதும். இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு வகுப்புக்காவது அதைச் செய்து காட்டுங்கள்.