ஓட்டை விழுந்த கீரை

எங்கள் வீட்டில் கீரை சமைப்பது என்றால் அரை நாள் வேலை. கிள்ளான் சந்தையில் வாங்கி வரும் கீரையை அம்மா முதலில் உப்புத் தண்ணீரில் போடுவார், அடுத்து மஞ்சள் தண்ணீரில். அதற்குப் பிறகும் நான்கைந்து முறை அலசுவார். "போதும்மா, சத்தெல்லாம் போயிடும்" என்று கிண்டல் செய்வேன். காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வானொலி நிலையத்திலிருந்து பசியோடு வருபவளுக்குப் பொறுமை ஏது?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவைக் கெபுன்-கெபுன் பங்சாருக்கு அழைத்துப் போனேன். நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்சிலிருந்து பக்கம்தான். உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே, சுமார் 8 ஏக்கர் மேட்டு நிலத்தில், நிலவடிவமைப்பாளர் இங் செக் சான் 2017-இல் முன்னின்று தொடங்கிய சமூகத் தோட்டம் அது. தொண்டர்கள் வேலை செய்கிறார்கள். காய்ந்த இலையும் காய்கறிக் கழிவும் மக்கி உரமாகின்றன. பூச்சிமருந்து கிடையாது. விளைவதில் ஒரு பகுதி, இல்லாதவர்களுக்கு உணவளிக்கும் அமைப்புகளுக்குப் போகிறது.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு பாத்தியின் முன்னே குனிந்தவர் நிமிரவே இல்லை. இலைகளில் எல்லாம் ஓட்டை. "நல்லா இல்லையாம்மா?" என்றேன். அம்மா பதில் சொல்லாமல் அங்கிருந்த தொண்டரிடம், "தா பாக்காய் ராச்சுன்?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

மரநிழலில் உட்கார்ந்த பிறகுதான் அம்மா பேசினார். தோட்டத்தில் இருந்த காலத்தில் அவருக்கு மருந்து அடிக்கும் வேலை. முதுகில் பம்பு. கையுறை கிடையாது. மருந்து ஒழுகி முதுகு எரியும்; நகம் கறுத்துப் போகும். "அந்தக் கையோடதான் உனக்குச் சோறு ஊட்டினேன், பாப்பா. சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகாது."

எனக்குப் பேச்சு வரவில்லை. மைக் முன்னால் மணிக்கணக்கில் பேசுகிறவள் நான்.

இது என் அம்மாவின் கதை மட்டும் இல்லை. மருந்து அடித்த தோட்டத்துப் பெண்களின் உடல்நலப் பாதிப்புகளைத் தெனாகானித்தா அமைப்பு 2002-இல் அறிக்கையாகவே வெளியிட்டது. களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு அதே ஆண்டில் அரசு தடை விதித்தது. 2006-இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1-இல்தான். 'ஆர்கானிக்' என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன். முதுகில் பம்பு சுமந்தவர்களின் பிள்ளைகள் நாம். நமக்கும் அதில் பங்கு உண்டு.

நன்கொடை கொடுத்துவிட்டு, ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வீடு திரும்பினோம். அம்மா செய்தது தோட்டத்துப் பிரட்டல். ஒரு கைப்பிடி நெத்திலியைக் கழுவி, மொறுமொறுவென்று பொரித்துத் தனியே வைக்க வேண்டும். அதே எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், தட்டிய பூண்டு, நறுக்கிய சின்ன வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் உருவிய கீரையைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளற வேண்டும். மூடக்கூடாது; மூடினால் பச்சை நிறம் போய்விடும். வெந்ததும் தேங்காய்ப்பூவும் நெத்திலியும் சேர்த்து இறக்கலாம். நெத்திலியில் உப்பு இருப்பதால், கடைசியில் ருசி பார்த்து உப்புப் போடுங்கள்.

எல்லோருக்கும் பக்கத்தில் இப்படியொரு தோட்டம் இருக்காது. கடையில் வாங்குவோர் விவசாய இலாகாவின் 'மைஆர்கானிக்' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முன்பு 'சோம்' என்று இருந்த சான்றிதழ்தான் 2015-இல் இந்தப் பெயருக்கு மாறியது. விலை கூடுதல் என்றால், அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் ஒரு பூச்சட்டி போதும். சந்தையில் வாங்கிய கொடிப்பசலையின் தண்டை நட்டாலே துளிர்க்கும். அம்மா இப்போது மூன்று சட்டி வைத்திருக்கிறார். முதல் இலையில் ஓட்டை விழுந்த அன்று எனக்குப் போன் செய்து சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை, முருங்கைக்கீரையை அம்மா எத்தனை தண்ணீரில் அலசினார் என்று எண்ணினேன். இரண்டே தண்ணீர். மண் போவதற்கு மட்டும்.