கடலில்லா ஊரில் ஓங்கில்

எங்கள் ஊர் தாமலுக்குக் கடல் கிடையாது, ஏரி உண்டு. நல்ல மழைக்காலத்தில் கரையில் நின்று பார்த்தால் அக்கரை மங்கலாகத்தான் தெரியும். சிறுவயதில் எங்களுக்கு அதுவே கடல். உண்மையான கடலைப் பார்க்க மாமல்லபுரம் போகவேண்டும், எண்பது கிலோமீட்டர் போல. அதனால் டால்பினை நான் முதலில் கண்டது தண்ணீரில் அல்ல, தாளில்.

1980களில் நாவல் என்பது தேடிப் போகவேண்டிய பொருள். வீட்டில் இருந்தவை வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்த தொடர்கதைகள். மற்றவற்றுக்குக் காஞ்சிபுரம் நூலகம்தான். சனிக்கிழமை பேருந்தில் போய்வருவேன். அங்கே ஆங்கிலப் புத்தகங்களுக்கு ஒரே ஒரு பீரோ. அதன் முன்னால் நின்றவனிடம் நூலகர் கேட்டார்:

“என்ன படிக்கிறே தம்பி?”

“எட்டாவது சார்.”

“இங்கிலீஷ் படிப்பியா?”

“அகராதி வச்சுக்கிட்டுப் படிப்பேன் சார்.”

அவர் எடுத்துக் கொடுத்தது ஆர்தர் சி. கிளார்க் 1963இல் எழுதிய ‘டால்பின் ஐலண்ட்’. “இவரு சிலோன்ல இருக்காரு. திருகோணமலையில கடலுக்கு அடியில முங்கி, கோயில் தூணையெல்லாம் பார்த்தவரு” என்றார். போர்ச்சுக்கீசியர் 1622இல் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களை 1956இல் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் கடலடியில் கண்டதைத்தான் சொன்னார் என்பது பின்னாளில் புரிந்தது. காஞ்சிபுரத்துப் பையனிடம் கோயிலைச் சொல்லிக் கடல் கதையைக் கொடுத்துவிட்டார்.

புத்தகத்தின் கடைசித் தாளில் தேதிச் சீட்டு ஒட்டியிருந்தது. ஊதா மையில் நான்கே முத்திரைகள். இரண்டுக்கு நடுவே மூன்று வருட இடைவெளி. எனக்கு முன்னால் நாலு பேர்தான் படித்திருக்கிறார்கள் என்று அதிலிருந்து தெரிந்தது. யார், என்ன நினைத்தார்கள் என்பது தெரியாது.

இன்று நூலகமே சட்டைப்பையில் இருக்கிறது. ‘டால்பின் வரும் நாவல்கள்’ என்று கைபேசியில் தட்டினால் நொடியில் பட்டியல் வருகிறது. நான்கு முத்திரைகள் இருந்த இடத்தில் நட்சத்திரங்களும் ஆயிரக்கணக்கான கருத்துகளும். பேருந்துக் கட்டணம் மிச்சம், காத்திருப்பு இல்லை. அன்று எனக்குக் கிடைக்க வழியே இல்லாத புத்தகங்கள் இன்று தாமலில் ஒரு பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் தலைப்பை வைத்துத் தேடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஸ்காட் ஓடெலின் ‘ஐலண்ட் ஆஃப் த புளூ டால்பின்ஸ்’ (1960) முதலில் வந்து நிற்கும். ஆளில்லாத் தீவில் தன்னந்தனியாக ஆண்டுக்கணக்கில் வாழும் ஒரு பெண்ணின் கதை அது, அருமையான நாவல். ஆனால் டால்பின் அதில் அதிகம் வராது. அமிதவ் கோஷின் ‘தி ஹங்ரி டைடு’ (2004) தலைப்பில் டால்பினே கிடையாது. கதை முழுக்க அதைத் தேடித்தான் போகிறது. சுந்தரவனத்து ஆறுகளில் ஐராவதி டால்பின்களை ஆராய வரும் பியாவுக்கு வங்காளம் தெரியாது. படகோட்டும் ஃபோகிருக்கு ஆங்கிலம் தெரியாது. டால்பின்கள் எங்கே கூடும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். படித்தவர் ஒருவர் சொன்னால்தான் இந்த வேறுபாடு பிடிபடும்.

கதைக்குள்ளும் காலம் மாறியிருக்கிறது. கிளார்க்கின் நாவலில் கப்பல் மூழ்கித் தத்தளிக்கும் சிறுவனின் தெப்பத்தை டால்பின்கள் தள்ளிக்கொண்டுபோய்க் கரைசேர்க்கின்றன. அவற்றின் மொழியைக் கற்க ஒரு பேராசிரியர் முயல்கிறார். கோஷின் ‘கன் ஐலண்ட்’ (2019) நாவலில் டால்பின்களே கரையொதுங்குகின்றன. அன்று மனிதனைக் காப்பாற்றிய விலங்கு, இன்று மனிதனிடமிருந்து காப்பாற்றப்பட வேண்டிய விலங்கு. வெளியுலகமும் அப்படித்தான். கங்கை டால்பின் 2010இல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. 2025இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்திய ஆறுகளில் இருப்பவை 6,324. கிட்டத்தட்ட பார்வையில்லாத அந்த உயிர், எதிரொலியைக் கேட்டே இரைதேடுகிறது. சிறுவயதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. டால்பின் என்றால் சிரித்த முகம், அவ்வளவுதான்.

அதற்குத் தமிழில் ஓங்கில் என்ற பெயர் இருப்பதும் தெரியாது. தமிழின் கடல் நாவல்களும் அப்படித்தான்: நெய்தல் நிலத்தை எழுதிய வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலையும், ‘தி ஹங்ரி டைடு’ வந்த அதே 2004இல் வெளியான ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ நாவலையும் வளர்ந்த பிறகே படித்தேன். ஓங்கிலையே நடுவில் வைத்த தமிழ் நாவல் எதையும் நான் இன்னும் படித்ததில்லை.

சென்ற விடுமுறையில் அக்கா மகள் டால்பின் கதை கேட்டாள். பட்டியல் அவளிடமே இருந்தது, முப்பது பெயர்கள். எதில் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. வயது பன்னிரண்டு, நீச்சல் பழகுகிறாள், சோகமான முடிவு பிடிக்காது. கிளார்க்கை வாங்கிக் கொடுத்தேன். ஓடெலை அடுத்த வருடத்துக்கு வைத்திருக்கிறேன். கோஷ் அவள் கல்லூரிக்குப் போன பிறகு.

உங்களிடமும் யாராவது நல்ல கதை கேட்டால், புத்தகத்தின் பெயரைச் சொல்லுமுன் கேட்பவரின் வயதைக் கேளுங்கள்.