"பொறுத்துப் போ" என்று சொல்லாத இடம்!

கோவை:
அடி தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாக அம்மா வீட்டுக் கதவைத் தட்டுகிறாள் மகள். "பொறுத்துப் போ கண்ணு, நாலு பேர் என்ன பேசுவாங்க?" நம்ம பக்கம் கிடைக்கும் முதல் ஆலோசனை இதுதான்!

"நீ என்ன தப்பு செஞ்சே?" என்று குடையாமல், "இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்பது வேறு முறை. 1984-ல் மும்பை போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் டாடா சமூக அறிவியல் கழகம் தொடங்கிய தனிப்பிரிவு இதற்கு முன்னோடி.

2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் கோவையிலும் உண்டு. ஆலோசனை, சிகிச்சை, போலீஸ், சட்ட உதவி எல்லாவற்றுக்கும் அங்கேயே வழி செய்கிறார்கள். 5 நாள் வரை தங்கலாம்.

திரும்பிப் போவதா, வழக்குப் போடுவதா? முடிவு அவளுடையது. (பஞ்சாயத்துப் பேசியே பழகிய பெரியவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்!)

நள்ளிரவானாலும் 181-க்குப் போன் போடலாம். காசு கிடையாது.