18 வோல்ட்டும் ஒரு லூஸ் கனெக்‌ஷனும்

டிடிஎச் வைத்திருக்கும் வீடுகளில் அடிக்கடி எழும் புகார் ஒன்று உண்டு. பாதிச் சேனல்கள் பளிச்சென்று தெரிகின்றன. மீதிப் பாதியில் ‘சிக்னல் இல்லை’ என்ற அறிவிப்பு வந்து நிற்கிறது. ரீசார்ஜ் முடியவில்லை, மழையும் இல்லை, டிஷ்ஷைக் காக்காகூடத் தொடவில்லை. செட்டாப் பாக்ஸ் போய்விட்டது என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் பாக்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மொட்டைமாடியில் கேபிள் முனையில் திருகியிருக்கும், சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லாத எஃப் கனெக்டர்தான் துருவேறித் தளர்ந்து கிடக்கும்.

போவதென்றால் எல்லாச் சேனலும் அல்லவா போக வேண்டும்? பாதி மட்டும் ஏன்?

டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பியிடம் இதற்கு விடை இருக்கிறது. செயற்கைக்கோளிலிருந்து வரும் அலைகள் 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் இருக்கும். அவ்வளவு உயர்ந்த அலைவரிசையைச் சாதாரணக் கேபிளில் இறக்கினால் வீட்டுக்குள் வந்து சேர்வதற்குள் கரைந்துவிடும். அதனால் எல்என்பி அதை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரைக்குக் குறைத்து அனுப்புகிறது. இந்த வேலைக்கு அதற்கு மின்சாரம் வேண்டும். தனி ஒயர் கிடையாது. சிக்னல் இறங்கி வரும் அதே கேபிளில் செட்டாப் பாக்ஸ் மின்சாரத்தை மேலே அனுப்புகிறது. அந்த மின்சாரமே உத்தரவும் ஆகும். 13 வோல்ட் வந்தால் செங்குத்தாக அதிரும் அலைகளை எடு, 18 வோல்ட் வந்தால் கிடைமட்டமாக அதிரும் அலைகளை எடு என்பது ஏற்பாடு. சேனல்கள் இந்த இரண்டு வகையிலும் பிரிந்து கிடக்கின்றன.

இப்போது கனெக்டரில் துரு ஏறி, 25 ஓம் மின்தடை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்என்பி 0.15 ஆம்பியர் இழுத்தால் அந்தத் துருவிலேயே 3.75 வோல்ட் தொலைந்துபோகும். பாக்ஸ் அனுப்பிய 18 வோல்ட் மேலே போய்ச் சேரும்போது 14.25 தான். எல்என்பி அதை 13 என்றே எடுத்துக்கொண்டு செங்குத்து அலைகளை அனுப்பிக்கொண்டிருக்கும். கிடைமட்டப் பக்கத்துச் சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போகும். துருவால் வோல்ட் குறையுமே தவிர ஏறாது என்பதால், முதலில் அடிபடுவது எப்போதும் இந்தப் பக்கம்தான்.

ஆன்டெனா காலத்தில் இதே கோளாறு வேறு முகம் காட்டியது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. பிறகு ஊரெங்கும் மொட்டைமாடிகளில் மீன்முள் போன்ற அலுமினியக் குழாய்கள் முளைத்தன. 1926-இல் ஜப்பானின் செண்டாய் நகரில் பொறியாளர்களான உடாவும் யாகியும் உருவாக்கிய வடிவம் அது. தென்கோடிக் கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாகினித் தொலைக்காட்சிக்காகவே குழாய்கள் இன்னும் உயரமாயின. மேலே ஒருவர் திருப்ப, கீழேயிருந்து “வந்துருச்சு... ஐயோ, போயிருச்சு” என்று இன்னொருவர் கத்துவார். திசை சரியாகத்தான் இருந்திருக்கும். திருப்பும்போது ஆடிய ஒயர்தான் ஒட்டியும் விட்டும் விளையாடியிருக்கும்.

ஒயர் அறுந்த பிறகும் திரையில் மங்கலாகப் படம் தெரிந்ததைப் பலர் கவனித்திருப்பார்கள். இரண்டு செம்பு முனைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் பேட்டரி மின்சாரம் தாண்டாது; நொடிக்குக் கோடிக்கணக்கான முறை திசை மாறும் ரேடியோ மின்னோட்டமோ ஓரளவு தாண்டிவிடும். அந்த இடைவெளி ஒரு குட்டி மின்தேக்கியாக வேலை செய்கிறது. ஒயரைக் கையால் பிடித்தால் படம் தெளிந்ததும் மாயமில்லை. உப்புநீர் நிறைந்த மனித உடலும் ஓர் ஆன்டெனாதான். வீட்டின் கடைக்குட்டியை மேட்ச் முடியும்வரை ஒயரைப் பிடித்தபடி நிற்கவைத்ததில் நியாயம் இல்லை, இயற்பியல் இருந்தது.

அந்தக் காலத் திரை கோளாறை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும் என்பதுதான் அதன் பெரிய வசதி. இணைப்பு பலவீனமானால் கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள் வரும். உருவங்களுக்குப் பக்கத்தில் நிழல் விழுந்தால், ஒரே சிக்னல் இருமுறை வருகிறது என்று பொருள். மலையிலோ உயரமான கட்டடத்திலோ பட்டு 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்த அலை, ஒரு மைக்ரோ நொடி தாமதமாக வரும். கண்ணுக்குத் தெரியும் ஒரு வரியைப் பழைய டிவி 52 மைக்ரோ நொடியில் வரைந்தது. ஆக, 50 சென்டிமீட்டர் அகலத் திரையில் நிழல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளி விழும். 15 மீட்டர் கேபிளின் இரு முனையிலும் இணைப்பு சரியில்லாமல் சிக்னல் போய்த் திரும்பினாலோ ஒன்றரை மில்லிமீட்டர்தான் தள்ளும். முகங்களின் ஓரம் ஈஷினாற்போலத் தெரியும். நிழலின் தூரத்தைப் பார்த்தே குற்றம் மலையிலா, ஒயரிலா என்று சொல்லிவிடலாம்.

டிஜிட்டல் ஒளிபரப்பு இந்த நேர்மையைக் கைவிட்டுவிட்டது. டிடிஎச்சுக்கு அடிப்படையான டிவிபியின் ஆரம்ப முறையில் ஒவ்வொரு 188 பைட்டோடும் 16 பைட் கூடுதலாகச் சேர்த்து அனுப்புகிறார்கள். எட்டு பைட் வரை கெட்டுப்போனாலும் பாக்ஸ் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளும். ஒன்பதாவது கெட்டால் கதை முடிந்தது. அதனால்தான் நேற்றுவரை துல்லியமாக இருந்த படம் இன்று திடீரென்று கட்டம் கட்டமாகச் சிதறி உறைகிறது. இணைப்பு கெட்டுப் பல மாதங்கள் ஆகியிருக்கும். திரை அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

துரு ஏன் இவ்வளவு படுத்துகிறது? உயர் அலைவரிசை மின்னோட்டம் கம்பியின் உள்ளே போவதில்லை, தோலில் மட்டும் ஓடும். 1500 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தோலின் ஆழம் 1.7 மைக்ரான். இதனால்தான் கேபிளின் நடுக்கம்பியை எஃகில் செய்து மேலே செம்பு பூசி விற்க முடிகிறது. அந்தப் பூச்சு பச்சை பூத்துவிட்டால் சிக்னல் ஓடும் பாதையே அரிக்கப்படுகிறது. கடலோர ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். செம்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அதுவே ஒரு பேட்டரி, தேய்வது அலுமினியம்.

கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல் தளர்ந்தால் வேறொரு தொல்லை. கேபிளில் ஓடும் அலைவரிசைகளுக்குள்தான் செல்போனின் 1800 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் வருகிறது; பின்னல் விட்ட இடம் அதற்குத் திறந்த வாசல். ஜெர்மனியில் வீட்டுக் கார்ட்லெஸ் போன்களே இப்படிச் செயற்கைக்கோள் சேனல்களைக் கெடுத்த கதை பிரபலம்.

ஆன்டெனா இணைப்பைச் சந்தேகிப்பதில் பெரிய விஞ்ஞானிகளும் விதிவிலக்கல்ல. 1964-இல் அமெரிக்காவின் ஹோம்டெல்லில் பென்சியாசும் வில்சனும் தங்கள் ராட்சத ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலைக் கேட்டார்கள். புறா எச்சத்தைக் கழுவினார்கள், உலோகத் தகடுகளின் மூட்டுகள்மேல் அலுமினிய டேப் ஒட்டினார்கள். இரைச்சல் நிற்கவில்லை. அது பெருவெடிப்பின் மிச்ச ஒளி. 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. மொட்டைமாடியில் அப்படியெல்லாம் நடக்காது. டேப் ஒட்டுவதற்கு முன் முனையை வெட்டிப் புதிதாகப் போடுவதே மேல்.

முதலில் செட்டாப் பாக்ஸின் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். நடுக்கம்பியும் பின்னலும் தொட்டுக்கொண்டால் அந்த 18 வோல்ட் பாக்ஸையே பழுதாக்கக்கூடும். இடி மின்னல் நேரத்தில் மாடிப் பக்கமே போகக் கூடாது. கேபிளைக் கறுக்காத செம்பு தெரியும்வரை வெட்டி, மேலுறையைச் சீவிப் பின்னலைப் பின்னால் மடித்து, உள்ளிருக்கும் வெள்ளைக் காப்பு கனெக்டரின் அடித்தளத்தோடு சமமாக நிற்கும்படி செருக வேண்டும். நடுக்கம்பி விளிம்புக்கு வெளியே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீண்டால் போதும். பின்னலின் ஒற்றை இழைகூட அதைத் தொடக் கூடாது; வீட்டில் செய்யும் வேலையில் அதிகம் தவறுவது இங்கேதான். கையால் இறுக்கி, 11 மில்லிமீட்டர் ஸ்பானரால் மெதுவாக ஒரு சிறு திருப்பு. புளிப்பு நெடி அடிக்கும் சிலிகான் பசையைப் பூச வேண்டாம், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும்; இழுத்துச் சுற்றினால் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் நல்லது. சுவருக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே வளைத்துத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வெட்ட வெட்டக் கறுப்பாகவே வந்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. அந்தக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் செட்டாப் பாக்ஸின் மெனுவில் சிக்னல் தரம் காட்டும் எண்ணைப் பார்த்து, தேதியோடு எங்காவது குறித்து வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். படம் நன்றாகத் தெரியும்போதே அந்த எண் சரியத் தொடங்கியிருந்தால், மழைக்காலம் வருமுன் ஸ்பானரோடு மாடி ஏறிவிடலாம்.