சம்பளம் வேண்டாம் என்ற உபதேசியார்

கோலார் தங்கவயல்: மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் பெங்களூர் புறப்படும் ரயிலைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பையில் டிபன் பாக்ஸ், சட்டைப் பையில் சீசன் டிக்கெட். அந்த நெரிசலிலும் ஜெபமாலை உருட்டுகிறவர்கள் உண்டு. நின்றபடியே சிறிய பைபிளைப் படிக்கிறவர்களும் உண்டு.

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது நான் பள்ளிச் சிறுவன். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த நாள் முதல் வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்த நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கம்பெனியை நம்பியே வாழ்ந்தார்கள். வீடு கம்பெனி வீடு. ஆஸ்பத்திரி கம்பெனி ஆஸ்பத்திரி. வேலையோ பூமிக்குக் கீழே மூன்று கிலோமீட்டர் வரை. பாறை வெடித்தால் இறங்கியவர் ஏறி வருவது நிச்சயமில்லை. ஆகவே ஷிப்டுக்குக் கிளம்பும் முன் கும்பிடாதவர் அபூர்வம். மேலே கடவுள், கீழே கம்பெனி என்றிருந்தது. கம்பெனி போயிற்று.

அதன் பிறகு எங்கள் லைனுக்கு அருகிலிருந்த சபையில் வாராவாரம் ஒரே பிரசங்கம்தான்: விதைக்காத, அறுக்காத பறவைகளுக்கும் ஆண்டவர் உணவளிக்கிறார், அவரையே சார்ந்திருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு நாள் முணுமுணுத்தது இன்னும் காதில் இருக்கிறது. அய்யருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடுகிறது, நமக்கு யார் கொடுப்பார்கள் என்றார் அவர். கேட்டதில் தப்பில்லை.

இந்தக் கேள்வி புதிதல்ல. பலமனேர் வழியாகப் போனால் வருகிற சித்தூரில், 1837 வாக்கில் ஆந்தனி நாரிஸ் க்ரோவ்ஸ் என்ற ஆங்கிலேயர் குடியேறினார். பல் வைத்தியராக நன்றாகச் சம்பாதித்தவர்; அதை விட்டுவிட்டு, எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்ய வந்தவர். பிரிஸ்டல் நகரில் யாரிடமும் கை நீட்டாமல் ஜெபத்தினாலேயே அனாதை விடுதி நடத்திய ஜார்ஜ் முல்லர் இவருடைய தங்கை கணவர். சித்தூரில் சொந்த வருமானத்துக்காக க்ரோவ்ஸ் பட்டுப்புழு வளர்த்தார், கடனில் மாட்டிக்கொண்டார். தேவனைச் சார்ந்தவனுக்குக் கடனே வராது என்று பிரசங்கிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

க்ரோவ்சுடன் ஊர் ஊராகச் சென்று மொழிபெயர்த்தவர் திருநெல்வேலித் தமிழர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். 1810-ல் பிறந்தவர்; பாளையங்கோட்டையில் ரேனியஸ் அய்யரிடம் படித்தவர். கூடவே இருந்தால் மாதம் 25, 30 ரூபாய் கிடைத்திருக்கும். அன்றைக்கு அது பெரிய தொகை. தனியாக ஊழியத்துக்குப் புறப்பட்டபோதும் மாதாமாதம் ஒரு தொகை தர க்ரோவ்ஸ் முன்வந்தார். அருளப்பன் மறுத்துவிட்டார். ஏன்? கூலிக்குப் பிரசங்கம் செய்கிறான் என்று ஜனங்கள் சொல்வார்கள் என்பதுதான் அவர் சொன்ன காரணம். எங்கள் பெரியவர் முணுமுணுத்ததும் அதுதானே!

1840-ல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே நிலம் வாங்கி, கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். கையால் உழைத்துப் பிழைப்பது, அதோடு ஊழியம் செய்வது என்பது ஏற்பாடு. கையில் காசு இல்லாத நாட்களும் உதவி வந்த நாட்களும் அவருடைய நாட்குறிப்பில் பதிவாகியிருக்கின்றன. 1860-ல் அங்கே தொடங்கிய எழுப்புதல் சுற்றுவட்டாரச் சபைகளுக்கும் பரவியது. 1867-ல் அவர் காலமானார்.

சம்பளம் வாங்கும் போதகர்கள் எல்லாரும் வேஷக்காரர்கள் என்று நான் எழுத வரவில்லை. அவர்களுக்கும் பிள்ளை குட்டிகள் உண்டு. ஆனால் வேலை இழந்தவனிடம் கடவுளைச் சார்ந்திரு என்று சொல்ல ஒரு தகுதி வேண்டியிருக்கிறது. கஷ்டத்தில் இருக்கிறவனிடம் காணிக்கைக் கவரை நீட்டி, போட்டால் பத்து மடங்காய்த் திரும்பும் என்று ஆசை காட்டுகிறவருக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வரும்?

தங்கவயலில் சின்னச் சின்ன வீட்டுச் சபைகளை நடத்துகிற சிலர் வாரநாட்களில் நம்மோடு அதே ரயிலில் வேலைக்குப் போகிறார்கள். அப்படி ஒருவர் போன மாதம் எங்கள் கவுண்டரில் சில்லறையை எண்ணிக் கொடுத்து சீசன் டிக்கெட் புதுப்பித்தார். பெங்களூரில் ஒரு கட்டடத்துக்குக் காவல் வேலை. சனிக்கிழமை இரவு ஷிப்டு போட்டுவிட்டால் ஞாயிறு ஆராதனைக்கு யாரை நிறுத்துவது என்பதுதான் அன்றைக்கு அவருக்கிருந்த கவலை.